துனிஸில் மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துனீசியாவின் தலைநகருக்குக் குறுகிய பயணம் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். விலைகளை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துனிஸ்ல அப்படி என்ன இருக்கு? எல்லாரும் எகிப்து, மொராக்கோன்னுதானே போறாங்க?

ஒரே நகரத்துக்குள் மூன்று காலங்கள் அருகருகே இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வளர்ந்த அரபு நகரமான மெதினா, பிரெஞ்சுக்காரர்கள் ஏரிக்கரைச் சேற்றை நிரப்பிக் கட்டிய புதுநகரம், உள்ளூர் ரயிலில் அரை மணி தூரத்தில் பழங்கால நகரமான கார்த்தேஜ். மெதினா, கார்த்தேஜ் இரண்டுமே 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. சமூகவியலின் முன்னோடி என்று போற்றப்படும் இப்னு கல்தூன் 1332இல் பிறந்தது இந்த ஊரில்தான். புதுநகரத்தின் பிரதான வீதியான ஹபீப் புர்கீபா அவென்யூவில், தேவாலயத்துக்கு எதிரே அவர் சிலை நிற்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மெதினாவில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், தொழில் செய்கிறார்கள். கூட்டம் குறைவு, நுழைவுக் கட்டணமும் குறைவு.

மூணு நாள் போதுமா? எப்படிப் பிரிக்கலாம்?

துனிஸுக்கு மட்டும் என்றால் போதும். ஒரு நாள் மெதினா, ஒரு நாள் கார்த்தேஜும் அதை அடுத்த வெள்ளை நீல வீடுகளின் ஊரான சிதி பூ சயீதும், ஒரு நாள் காலையில் பார்டோ அருங்காட்சியகம், மாலையில் புதுநகரம். பலர் மெதினாவை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை சிதி பூ சயீதில் புகைப்படம் எடுப்பதில் கழிக்கிறார்கள். எங்கள் கருத்தில் அது தலைகீழ் கணக்கு.

எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். பார்டோவுக்குத் திங்கள் விடுமுறை. மெதினாவின் கடைகளில் பெரும்பகுதி ஞாயிற்றுக்கிழமை திறக்காது, வெள்ளி பிற்பகலிலும் பல கடைகள் மூடிவிடும். கார்த்தேஜ் எல்லா நாளும் திறந்திருக்கும். ஆகவே சனி முதல் திங்கள் வரை போகிறவர்கள் சனி மெதினா, ஞாயிறு பார்டோ, திங்கள் கார்த்தேஜ் என்று வையுங்கள். இதை மாற்றிப் போட்டவர்கள்தான் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

மார்ச் கடைசி முதல் மே வரை, பிறகு செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் நடு வரை. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும். கார்த்தேஜில் நிழலே கிடையாது என்பதால் நம் வெயிலுக்குப் பழகியவர்களுக்கும் சிரமம்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் குளிர்காற்றும் இருக்கும், கனமான ஸ்வெட்டர் தேவை. பழைய வீடுகளின் கல்சுவரும் ஓடு பதித்த தரையும் குளிர்காலத்தில் சில்லிட்டுக் கிடக்கும். அறையில் ஹீட்டர் உண்டா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து நேரா ஃப்ளைட் இருக்கா? ஷெங்கன் விசா வச்சிருந்தா போதுமா?

நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாகப் போவது வழக்கம். பாரிஸிலிருந்து இரண்டரை மணி நேரம்தான் என்பதால் ஐரோப்பாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது வார இறுதிப் பயணம். துனீசியாவின் நேரம் இந்தியாவுக்கு நாலரை மணி நேரம் பின்னால், ஆண்டு முழுவதும் மாறாது.

துனீசியா ஷெங்கன் பகுதியில் இல்லை. பிரெஞ்சு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். மற்றவர்கள், இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உட்பட, டிக்கெட் எடுப்பதற்கு முன் துனீசியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா வந்தவர்கள் இடையில் துனிஸ் போய்த் திரும்ப நினைத்தால், கையில் இருக்கும் ஷெங்கன் விசா பல முறை நுழையும் வகையா என்று பாருங்கள். ஒருமுறை விசாவில் ஷெங்கனை விட்டு வெளியேறினால் திரும்பி நுழைய முடியாது.

தங்குறது மெதினாவுக்குள்ளயா, வெளியிலயா?

பழைய வீடுகளைத் தங்குமிடமாக மாற்றியிருக்கிறார்கள், ‘தார்’ என்பார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். நம் முற்றம் வைத்த வீட்டின் அமைப்பே. மூன்று நாளில் ஒரு இரவாவது அங்கே தங்குவது நல்லது. விடியலில் கடைகள் திறப்பதற்கு முன்னால் மெதினா எப்படி இருக்கும் என்பதை வெளியே தங்குபவர்கள் பார்க்க முடியாது.

ஆனால் டாக்ஸி உள்ளே வராது. பதிவு செய்யும்போதே எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று கேளுங்கள்: பாப் பஹர், பாப் மினாரா, பாப் சுவைக்கா, கஸ்பா சதுக்கம் என்று பல உண்டு. ‘பாப்’ என்றால் வாசல். இரவில் வந்து சேர்பவர்கள் வாசலுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களும் நள்ளிரவு விமானத்தில் வருபவர்களும் புர்கீபா அவென்யூ பக்கம் தங்குவதே வசதி.

பணம் இங்கயே மாத்திட்டுப் போயிடலாமா?

முடியாது. துனீசிய தினாரை நாட்டுக்குள் கொண்டுபோவதும் வெளியே எடுத்துவருவதும் சட்டப்படி தடை. யூரோவோ டாலரோ கொண்டுபோய் விமான நிலைய வங்கிக் கவுன்டரில் மாற்றுங்கள். ஏடிஎம்மிலும் எடுக்கலாம். மாற்றியதற்கான ரசீதைக் கட்டாயம் பத்திரப்படுத்துங்கள். கிளம்பும் நாளில் மிச்ச தினாரைத் திரும்ப மாற்ற அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.

முதல் நாள் 10, 20 தினார் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். டாக்ஸிக்காரரிடமும் தெருக்கடையிலும் 50 தினார் தாளுக்குச் சில்லறை இருக்காது. பெரிய ஓட்டல் தவிர மற்ற இடங்களில் அட்டையை நம்ப வேண்டாம்.

கடைக்காரர் தண்ணி பாட்டிலுக்கு ஆயிரம்னார், பயந்துட்டேன். ஏமாத்தறாங்களா?

இல்லை. ஒரு தினாருக்கு 1,000 மில்லிம். விலையை மில்லிமில் சொல்வது அங்கே இயல்பான பேச்சு. ‘ஐயாயிரம்’ என்றால் 5 தினார். எழுதும்போது 4,500 என்றோ 4.500 என்றோ இருக்கும், அது நாலரை தினார். புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

ஏர்போர்ட்ல டாக்ஸிக்காரர் அம்பது தினார் கேக்கறாராமே?

கேட்பார்கள். விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்தான். மஞ்சள் டாக்ஸியில் மீட்டர் போட்டால் பகலில் 10 தினாரை ஒட்டி வரும். வருகைக் கூடத்துக்குள்ளேயே ‘டாக்ஸி, டாக்ஸி’ என்று அணுகுபவர்களிடம் வேண்டாம் என்று மறுத்துவிட்டு வெளியே போங்கள். ஏறுவதற்கு முன் “கோம்ப்தூர்?” என்று கேளுங்கள், மீட்டருக்கு அங்கே வழங்கும் பிரெஞ்சுச் சொல் அது. மறுத்தால் அடுத்த வண்டி.

மீட்டரில் 1 என்றால் பகல் கட்டணம், 2 என்றால் இரவுக் கட்டணம். இரவு 9 மணிக்கு மேல் 50 சதவீதம் கூடுதல். பட்டப்பகலில் 2 எரிந்தால் கையைக் காட்டிச் சொல்லுங்கள், பெரும்பாலும் உடனே மாற்றிவிடுவார்கள். முந்தைய பதிலில் சொன்ன மூன்று இலக்கக் கணக்கு இங்கும் பொருந்தும்: மீட்டர் 7,350 காட்டினால் 7 தினாரும் சில்லறையும்.

மெதினாவுக்குள்ள போனா வழி தெரியாம சுத்துவோமா?

சுற்றுவீர்கள், ஆனால் தொலைய மாட்டீர்கள். மெதினா மேற்கிலிருந்து கிழக்கே சரிந்து இறங்குகிறது. மேற்கு மேட்டில் கஸ்பா சதுக்கம், கிழக்குத் தாழ்வில் பாப் பஹர். வழி குழம்பினால் சரிவோடு இறங்குங்கள், பாப் பஹர் பக்கம் வந்து சேர்வீர்கள். கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேலே கூரை போட்ட சந்துகளில் அது தடுமாறும்.

எல்லாரும் பாப் பஹரில் தொடங்கி சைத்தூனா பள்ளிவாசல் தெருவில் ஏறுகிறார்கள். அந்தத் தெரு முழுக்கச் சுற்றுலாப் பொருள். அதற்குப் பதில் டாக்ஸியில் கஸ்பா சதுக்கம் போய், அங்கிருந்து இறங்குங்கள். காலை 9 மணிக்குத் தொடங்கினால் தொப்பிக் கடைத்தெரு, துருக்கியர் தெரு, பிர்கா, அத்தாரீன், சைத்தூனா என்று நின்று நிதானமாக வந்து மதிய உணவுக்குக் கீழே சேரலாம்.

கடைத்தெருக்களின் வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வாசனைத் திரவியம், புத்தகம் போன்ற ‘சுத்தமான’ தொழில்கள் பள்ளிவாசலை ஒட்டி. சாயம், இரும்படிப்பு போன்று நாற்றமும் சத்தமும் உள்ளவை ஓரத்தில். மூக்கையும் காதையும் வைத்தே பள்ளிவாசல் நெருங்குகிறதா, விலகுகிறதா என்று சொல்லிவிடலாம். வழியில் பிர்கா சதுக்கத்தில் இன்று தங்க நகைக் கடைகள். ஒரு காலத்தில் மனிதர்களை ஏலம் விட்ட இடம் அது. 1846இல் துனீசியாவை ஆண்ட அஹ்மத் பே அடிமைமுறையை ஒழித்தார்.

சைத்தூனா பள்ளிவாசலுக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்க போகலாமா?

தொழுகைக் கூடத்துக்குள் போக முடியாது. முற்றத்தை ஒட்டிய பகுதிவரை காலை நேரத்தில் அனுமதிப்பார்கள், வெள்ளிக்கிழமை தவிர. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும், பெண்கள் தலையில் போட ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம்கள் தொழுகைக்குப் போவதில் தடை இல்லை.

சைத்தூனா என்பது ஆலிவ் மரம். தமிழ் முஸ்லிம் வீடுகளில் வழங்கும் ‘ஜைத்தூன் எண்ணெய்’ என்ற அதே சொல். உள்ளே நிற்கும் தூண்களில் பெரும்பாலானவை கார்த்தேஜ் போன்ற பழைய ரோமானிய இடங்களிலிருந்து எடுத்துவந்தவை. அளவும் தலைப்பகுதியும் ஒன்றுபோல இருக்காது. கார்த்தேஜில் ஏன் தூண்களே மிஞ்சவில்லை என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

நினைவுப் பொருளா என்ன வாங்கலாம்? எல்லாமே சீனாவில செஞ்சதா இருக்கே.

செசியா வாங்குங்கள். துனீசியர்கள் அணியும் சிவப்புக் கம்பளித் தொப்பி அது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட அந்தலூசிய முஸ்லிம்கள் இங்கே வளர்த்தெடுத்த தொழில். தொப்பிக் கடைத்தெருவில் சில பட்டறைகள் இன்னும் இயங்குகின்றன, வாசலில் நின்று பார்க்கலாம்.

முதலில் பெண்கள் வீட்டில் வெள்ளைக் கம்பளி நூலில் தலைக்குப் பெரிதான ஒரு பையைப் பின்னுவார்கள். அதை வெந்நீரும் சோப்பும் விட்டு அடித்துத் துவைக்கும்போது இழைகள் பின்னிப் பிணைந்து, பை சுருங்கித் தடிக்கும். பின்னல் கண்ணே தெரியாமல் போய்விடும். பிறகு காய்ந்த முட்பூத் தலைகளால் மேற்பரப்பை வருடி வருடி மயிர் எழுப்புவார்கள். சாயம் தோய்த்து, அச்சில் மாட்டி உருக்கொடுத்து, திரும்பவும் முட்பூ. நல்ல செசியாவைக் கசக்கிப் பையில் போட்டாலும் எடுத்து உதறினால் பழைய வடிவத்துக்கு வரும். ஒட்டுத்துணியில் செய்த போலி மடிப்பு விழுந்து நிற்கும். வாங்கும் முன் உள்பக்கம் விரலால் தடவுங்கள்: தையல் இருந்தால் அது செசியா இல்லை.

“இன்னிக்கு மட்டும் பெர்பெர் கம்பளச் சந்தை, மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம்”னு ஒருத்தர் கூட்டிட்டுப் போனார். நிஜமா?

அப்படி ஒரு சந்தை இல்லை. அது எல்லா நாளும் ‘இன்றைக்கு மட்டும்’ நடக்கும். “நான் உங்கள் ஓட்டலில் வேலை பார்க்கிறேன், அடையாளம் தெரியவில்லையா?” என்று தொடங்குவது இன்னொரு வகை. முடிவு இரண்டுக்கும் ஒன்றே: கம்பளக் கடை அல்லது வாசனைத் திரவியக் கடை, புதினாத் தேநீர், பிறகு நெருக்கடி. ஆபத்து இல்லை, நேரமும் பணமும்தான் போகும். “லா, ஐஷெக்” (வேண்டாம், நன்றி) என்று சொல்லி நடையை நிறுத்தாமல் போங்கள். நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினால் பேச்சு நீளும்.

கார்த்தேஜுக்கு டூர் எடுக்கணுமா, ரயில்ல போயிடலாமா?

ரயிலே போதும். டி.ஜி.எம். என்ற பாதை 1872இல் தொடங்கியது. உள்ளூரில் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘தே-ஜே-எம்’ என்றால்தான் புரியும். புர்கீபா அவென்யூவின் கிழக்குக் கோடியில் துனிஸ் மரீன் நிலையம். அங்கிருந்து துனிஸ் ஏரிக்கு நடுவே போட்ட கரைமேல் ஓடி லா கூலெத், கார்த்தேஜ், சிதி பூ சயீத் வழியாக லா மர்சா வரை போகும். டிக்கெட் ஒரு தினார்கூட ஆகாது, சில்லறையாகக் கொடுங்கள்.

வண்டிகள் பழசு. சில நேரம் கதவு மூடாமலே ஓடும், பையன்கள் படியில் தொங்குவார்கள். கதவோரம் நின்று கைப்பேசியை வெளியே எடுக்காதீர்கள், வண்டி கிளம்பும் நொடியில் பறித்துக்கொண்டு குதிப்பது நடக்கிறது. ரயில் வெகுநேரம் வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், டாக்ஸி பிடியுங்கள்.

கார்த்தேஜ்னு ஆறு ஸ்டேஷன் இருக்கே, எதில இறங்கறது?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனவர்கள்தான் வெயிலில் அலைகிறார்கள். துனிஸிலிருந்து வரும் வரிசை: சலாம்போ, பிர்சா, தெர்மெஷ், ஹன்னிபால், பிரெசிதான்ஸ், அமில்கார். பெயரைப் பார்த்துப் பிர்சா குன்றுக்குப் பிர்சா நிலையத்தில் இறங்காதீர்கள், ஹன்னிபால்தான் வசதி.

நல்ல வரிசை இது. காலை 9 மணிக்குள் சலாம்போவில் இறங்கி, தோஃபெத் என்ற பியூனிக் (ரோமானியருக்கு முந்தைய கார்த்தேஜியர்) ஈமக்களத்தையும் துறைமுகக் குளங்களையும் பாருங்கள். மறுபடி ரயிலேறி ஹன்னிபாலில் இறங்கி, வெயில் ஏறும் முன் பிர்சா குன்றில் ஏறுங்கள், கால் மணி நேரச் செங்குத்து நடை. அங்கிருந்து இறக்கமாக ரோமானிய வீடுகள் வழியே கடலோர அந்தோனைன் குளியல் மண்டபம். பிறகு ஹன்னிபாலிலிருந்து மூன்றாவது நிறுத்தம் சிதி பூ சயீத். பிர்சாவில் இருக்கும் அருங்காட்சியகம் பல ஆண்டுகளாகச் சீரமைப்பில் இருந்தது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இடங்கள் சிதறிக் கிடந்தாலும் டிக்கெட் ஒன்றுதான், சுமார் 12 தினார், அன்றைக்கு மட்டும் செல்லும். ஒவ்வொரு வாசலிலும் கேட்பார்கள், தொலைத்தால் மறுபடி வாங்க வேண்டும். அந்தோனைன் மண்டபத்தை ஒட்டி ஜனாதிபதி மாளிகை இருக்கிறது. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், காவலர்கள் படத்தை அழிக்கச் சொல்வார்கள்.

ஹன்னிபால் ஊரைப் பார்க்கப் போனா ரோமாபுரிக் கல்லா கிடக்கே?

ஏமாற்றம் நியாயம்தான். மூன்றாண்டு முற்றுகைக்குப் பிறகு கி.மு. 146இல் ரோமானியர்கள் கார்த்தேஜை எரித்து அழித்தார்கள். நூறாண்டு கழித்து அதே இடத்தில் அவர்களே ஒரு நகரம் கட்டினார்கள். இன்று தரைக்கு மேல் தெரிவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது நகரம். அதன் கல்லையும் பிற்காலத்தில் துனிஸ் கட்ட எடுத்துப்போய்விட்டார்கள்.

ரோமோடு மோதிய கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலின் காலத்து ஊரை நிஜமாகப் பார்க்க பிர்சா குன்றின் தென்சரிவுக்குப் போங்கள். குன்றின் உச்சியை மட்டமாக்க ரோமானியர்கள் மண்ணை ஓரங்களில் கொட்டினார்கள். அந்த மண்ணுக்கு அடியில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு வீடுகள் புதைந்து தப்பின. முழங்கால் உயரச் சுவர்கள், வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி, நேர்த்தெரு. வீடுகளுக்கு நடுவே தடித்த தூண்கள் முளைத்து நிற்கும். அவை பிற்கால ரோமானியக் கட்டடத்தின் அஸ்திவாரம். வென்றவன் தோற்றவன் வீட்டுக்குள் இறக்கிய தூண்களை இவ்வளவு நேரடியாகப் பார்க்கக் கிடைப்பது அரிது. கார்த்தேஜில் ஒரே இடத்துக்குத்தான் நேரம் என்றால் இதற்கே கொடுங்கள்.

அந்தோனைன் குளியல் மண்டபம் ரொம்பச் சின்னதா இருட்டறையா இருக்கே?

நீங்கள் நடப்பது மண்டபத்தில் அல்ல, அதன் அடித்தளத்தில். விறகும் பணியாட்களும் இருந்த கீழ்த்தளம் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. குளித்த தளம் உங்கள் தலைக்கு மேல் இருந்தது. நிமிர்த்தி வைத்திருக்கும் ஒற்றைத் தூணைப் பார்த்துக் கூரை எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. தண்ணீர் சக்வான் மலையிலிருந்து கால்வாய்ப் பாலத்தில் வந்தது. அதன் நீளம் கிளைகளோடு சுமார் 130 கிலோமீட்டர்.

ரோமானியர்கள் கார்த்தேஜ்ல உப்பைத் தூவி உழுதாங்கன்னு கைடு சொன்னார், சரியா?

பழைய ஆசிரியர் யாரும் அப்படி எழுதவில்லை. மிகப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட கதை. நகரம் எரிந்ததும், மிஞ்சியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டதும் உண்மை. தோஃபெத் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே கிடைத்த தாழிகளில் எரிந்த குழந்தை எலும்புகள் இருந்தன. பலி கொடுத்தார்களா, இயற்கையாக இறந்த சிசுக்களின் மயானமா என்பதில் ஆய்வாளர்களிடம் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை. கைடு ஒரே பக்கத்தை அடித்துச் சொன்னால் மறுபக்கமும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பார்டோ திறந்திருக்கா? எவ்வளவு நேரம் வேணும்?

2021 ஜூலையில் மூடியது 2023 செப்டம்பரில் திறந்துவிட்டது. நாடாளுமன்றம் அதே வளாகத்தில் இருப்பதுதான் மூடியதற்குக் காரணம், வாசலில் பாதுகாப்புச் சோதனை இருக்கும். ‘மெட்ரோ’ என்று சொல்லப்படும் பச்சை டிராமில் 4ஆம் தடம், பார்டோ நிறுத்தம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நுழைவில் இருக்கும் நினைவுக்கல் 2015 மார்ச் 18 தாக்குதலில் இறந்தவர்களுக்கானது. ஒரு நிமிடம் நின்று போங்கள்.

சிறு கல் துண்டுகளைப் பதித்துப் படம் வரைந்த மொசைக் தரைகளுக்கு உலகில் இதற்கு நிகரான தொகுப்பு குறைவு. ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இரண்டு கலைதேவதைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் மொசைக்கைத் தேடிப் பாருங்கள். 1896இல் சூஸ் நகரில் கிடைத்தது. கிட்டே போய் முகத்தைப் பார்த்தால், கன்னத்துக் கல் துண்டுகள் நகக்கண் அளவுக்குச் சிறுத்திருப்பதும், பின்னணிக் கற்கள் பெரிதாக இருப்பதும் தெரியும். உடல் வளைவைக் கல் வரிசையே பின்தொடர்கிறது.

சிதி பூ சயீத் ஓவரா சொல்றாங்களோ?

பத்து மணிக்குப் போனால் அப்படித்தான் தோன்றும், பேருந்துகள் அப்போதுதான் வந்து கொட்டும். மாலை நாலரைக்கு மேல் போங்கள். வீடுகளின் வெள்ளை நீல நிறம் 1915இல் சட்டத்தால் காக்கப்பட்டது. அதற்கு முன்னின்றவர் அங்கே மாளிகை கட்டிய ரொதோல்ஃப் தெர்லாஞ்சே. அந்த மாளிகை இப்போது அரபு இசை மையம், மரவேலைக்காகவே உள்ளே போகலாம்.

அங்கே சாப்பிட வேண்டியது பம்பலூனி. தளர்ந்த மாவைக் கையால் இழுத்து நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டு, சர்க்கரையில் புரட்டித் தருவார்கள். சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும், ஆறினால் ரப்பர்.

கோடையில் மஷ்மூம் விற்பார்கள். விரியாத மல்லிகை மொட்டுகளைப் புல்தண்டுகளின் நுனியில் ஒவ்வொன்றாகச் செருகி, நூல் சுற்றிக் கட்டிய சின்னக் கொத்து. ஆண்கள் காதுக்கு மேல் செருகிக்கொள்வார்கள். இரவு ஏறும்போது மொட்டுகள் ஒவ்வொன்றாக விரியும். அதில் ‘ஃபெல்’ என்பது நம் மல்லிகையேதான், ‘யாஸ்மின்’ நம் பிச்சி.

சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டியதில்லை, ஆனால் டூனா மீனை எதிர்த்துப் போராட வேண்டும். துனீசியர்கள் டூனாவை இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ‘காய்கறி சாலட்’ என்று கேட்டாலும் மேலே டூனாவும் முட்டையும் வைத்து வரும். “பிலா லஹம், பிலா தோன், பிலா அழ்ம்” (இறைச்சி, டூனா, முட்டை இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள்.

நம்பிக் கேட்கக்கூடியது லப்லபி. கிண்ணத்தில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, வெந்த கொண்டைக்கடலையைச் சாறோடு ஊற்றி, சீரகம், பூண்டு, ஹரீஸா என்ற மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய், எலுமிச்சை சேர்த்துக் கலப்பது. முட்டை, டூனா மேலே வைப்பவைதான், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். சாறில் எலும்பு போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். சுட்ட மிளகாயும் தக்காளியும் மசித்த மெஷ்வியாவும் நல்லது. ரவை போன்ற கோதுமை உணவான கூஸ்கூஸில் இறைச்சியைத் தவிர்த்துக் கேட்டாலும் குழம்பு அதே பானையில் வெந்ததாகத்தான் இருக்கும்.

காரம் நம்ம அளவுக்கு இருக்குமா?

வட ஆப்பிரிக்காவிலேயே காரம் அதிகம் சாப்பிடுபவர்கள் இவர்கள். ஹரீஸா என்பது வெயிலில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து, பூண்டு, கொத்தமல்லி விதை, கேரவே விதை (சீரகம் போன்றது), உப்பு சேர்த்து அரைத்த விழுது. 2022இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் ஏறியது. உட்கார்ந்ததும் ஆலிவ் எண்ணெய் ஊற்றி ரொட்டியோடு வைப்பார்கள். வெளிநாட்டு முகத்தைப் பார்த்துக் காரத்தைக் குறைப்பார்கள், “ஹார்” என்று சொன்னால் நிஜமானதைத் தருவார்கள்.

பொண்ணுங்க தனியா போகலாமா? ராத்திரி?

பகலில் தயக்கம் வேண்டாம். உள்ளூர்ப் பெண்கள் முக்காடு போட்டும் போடாமலும் எல்லா வேலையிலும் இருக்கிறார்கள். ஆண்கள் மட்டும் நிரம்பிய பழைய காபிக்கடைகளைத் தவிர்த்தால் போதும். கடைகள் மாலை 6 மணிக்குள் மூடியதும் மெதினாச் சந்துகள் வெறிச்சோடும். அதன் பிறகு மெதினாவில் தங்குபவர்கள் தங்குமிடத்தார் காட்டிய ஒரே வழியில் போய்வாருங்கள். போலீஸ், ராணுவம், கஸ்பா சதுக்கத்து அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், சுங்கத்தில் பிடித்துவிடுவார்கள்.

ரமலான் மாசத்தில மாட்டிக்கிட்டா?

பகலில் காபிக்கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் மூடியிருக்கும், பார்வை இடங்கள் சீக்கிரம் மூடும். நோன்பு திறக்கும் வேளைக்கு முந்தைய ஒரு மணி நேரம் டாக்ஸி கிடைக்காது, அதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இரவு எட்டுக்கு மேல் மெதினா விழித்துக்கொள்ளும். மேலே சொன்ன வெறிச்சோடும் சந்து என்ற எச்சரிக்கை ரமலான் இரவுகளுக்குப் பொருந்தாது.

ஒரு நாள் கூடுதலா இருந்தா எங்க போகலாம்?

துக்கா. சுமார் 110 கிலோமீட்டர். கார்த்தேஜில் கிடைக்காத முழு ரோமானிய ஊர் அங்கே நிற்கிறது. பாப் சாதூன் நிலையத்திலிருந்து தெபூர்சூக்குக்கு ‘லூவாஜ்’ வேனில் போய், அங்கிருந்து டாக்ஸி. எட்டு இருக்கை நிரம்பினால்தான் வேன் கிளம்பும், காலை 7 மணிக்குப் போனால் சீக்கிரம் நிரம்பும். திரும்பும் வேன்கள் பிற்பகலில் குறைந்துவிடும் என்பதால் டாக்ஸிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது மிச்ச தினாரை ஏர்போர்ட் கடையில செலவு பண்ணிடலாம்தானே?

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டிய பிறகு இருக்கும் வரியில்லாக் கடைகளில் தினார் செல்லாது, யூரோ அல்லது டாலர்தான். ஆகவே சோதனைக்கு முன்னாலேயே, பணம் பற்றிய பதிலில் சொன்ன ரசீதைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள். அதிகாலை விமானம் என்றால் கவுன்டர் மூடியிருக்கக்கூடும், முந்தைய நாளே கணக்குப் பார்த்துச் செலவழியுங்கள்.

கார்த்தேஜில் யாராவது மடித்த கைக்குட்டையிலிருந்து ‘பழைய காசு’ எடுத்துக் காட்டி நீங்கள் வாங்கியிருந்தால், பெரும்பாலும் போலி. உண்மையானதாக இருந்தால் அதைவிட மோசம், தொல்பொருளை நாட்டைவிட்டு எடுத்துப்போவது குற்றம். செசியா, பேரீச்சம்பழம், ஹரீஸா டப்பா எதற்கும் தடை இல்லை. ஹரீஸாவை மட்டும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடுங்கள், விழுது என்பதால் திரவக் கணக்கில் எடுத்துவிடுவார்கள்.